பெயருக்குப் பின்னால் ஒட்டும் வால்

வலைக்குள் வழி – 9

ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'நேம்சர்வர்' வரியை மட்டும் சென்ற வாரம் பார்த்தோம். மூன்று சர்வர்கள் வரை எழுதலாம். எழுதிய வரிசையில்தான் கேட்கும். முதல் சர்வர் படுத்துவிட்டால், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தேடலும் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததிடம் போகும். அதே கோப்பில் 'சர்ச்' என்று தொடங்கும் இன்னொரு வரியும் இருக்கும். நாம் எழுதாவிட்டாலும் பல நேரம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால், அந்தக் கோப்பில் அதிகம் பயப்பட வேண்டிய வரி அதுதான்.

அதன் வேலை என்னவோ சாதாரணமானது. 'பிரிண்டர்' என்று நீங்கள் தட்டினால், அதன் பின்னால் 'சென்னை.எக்ஸாம்பிள்.காம்' என்ற வாலை ஒட்டி முழுப்பெயராக்கித் தேடும். தெருவுக்குள் முருகன் என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், தெருவைத் தாண்டினால்தான் இனிஷியல் வேண்டும் அல்லவா, அதே வசதிதான். ஒரு வால் சரிப்படாவிட்டால் அடுத்த வால். லினக்ஸில் பயன்படும் ஜிலிப்சி நூலகம் 2017 வரை ஆறு வால்களுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அது போதாது என்று கேட்டவர்கள் இருந்தார்கள் போலும், 2.26 பதிப்பில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்த வாலை எப்போது ஒட்டுவது என்பதில். பிரிண்டர் என்ற ஒற்றைப் பெயருக்கு ஒட்டலாம். புள்ளிகளோடு வரும் பெயருக்கு? அது முழுப்பெயரா, பாதிப்பெயரா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980களில் பிறந்த பைண்ட் மென்பொருளும் அதன் வழிவந்த நிரல்களும் இதற்கு ஒரு சோம்பேறித்தனமான விடை வைத்திருந்தன. கணினியின் சொந்த டொமைனை எடுத்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டே, கேட்ட பெயருக்குப் பின்னால் ஒட்டிப் பார்ப்பது. எதுவும் கிடைக்காவிட்டால் கடைசியில்தான் பெயரை அப்படியே கேட்பது. யாரும் 'சர்ச்' வரி எழுத வேண்டியதில்லை, தானாகவே நடக்கும்.

1993 அக்டோபரில் எஹுட் கவ்ரான் என்பவர் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை எழுதினார். ஆர்எஃப்சி 1535 என்று அது பதிவாகியிருக்கிறது, சில பக்கங்கள்தான். அதில் வரும் உதாரணத்தில், டெக்.ஏசஸ்.காம் டொமைனில் உள்ள ஒரு கணினியிலிருந்து ஒருவர் ஒரு பல்கலைக்கழகக் கணினியைத் தேடுகிறார். பெயர் இடியூ என்று முடிகிறது. நிரல் முதலில் அந்தப் பெயருக்குப் பின்னால் டெக்.ஏசஸ்.காம் ஒட்டிப் பார்க்கும், இல்லை. ஏசஸ்.காம் ஒட்டிப் பார்க்கும், இல்லை. பிறகு வெறும் காம். அப்போது பெயர் இடியூ.காம் என்று முடியும். யாராவது இடியூ.காம் என்ற டொமைனைப் பதிவு செய்து வைத்திருந்தால்?

பதிவாகித்தான் இருந்தது. அந்த டொமைனில் எந்தப் பெயருக்கும் விடை தரும் நட்சத்திரக் குறிப் பதிவு ஒன்றைப் போட்டால் போதும். இந்தக் குறையுள்ள நிரலை ஓட்டும் காம் தளக் கணினிகள் எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேடினாலும், அத்தனை இணைப்பும் அந்த டொமைன்காரர் காட்டும் ஒரே கணினியில் போய் முடியும். கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் கம்பியில் ஓடிய டெல்நெட் காலம் அது. யாரும் எதையும் உடைத்து நுழைய வேண்டாம், ஒரு பெயரை வாங்கிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு வந்த திருத்தம்தான் இன்று நாம் 'என்டாட்ஸ்' என்று எழுதும் எண். பெயரில் எத்தனை புள்ளி இருந்தால் அதை முதலில் அப்படியே கேட்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. இயல்பு மதிப்பு 1. ஒரு புள்ளி இருந்தாலே முழுப்பெயராக மதித்து முதலில் அதைக் கேள், கிடைக்காவிட்டால் வாலை ஒட்டு என்று அர்த்தம். படியேறும் பழக்கத்தையும் கைவிட்டு, வாலை வெளிப்படையாக எழுத வேண்டும் என்றார்கள்.

விண்டோஸ் உலகில் படியேறும் பழக்கம் இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. நிறுவனத்தின் டொமைன் காம் என்று முடிந்தால் இரண்டாம் படியோடு நிற்பது சரிதான். கோ.இன் என்று முடிந்தால்? இரண்டாம் படி என்பதே கோ.இன். அது நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, ஊருக்கே பொது. மைக்ரோசாஃப்ட் 2009இல் இதற்கென்று ஓர் எச்சரிக்கையும் திருத்தமும் வெளியிட வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கதையில் பெரும்பணம் புழங்கிய அத்தியாயம் கார்ப்.காம். விண்டோஸ் 2000 காலத்தில், அலுவலக வலையமைப்புக்குப் பெயர் வைக்கும் இடத்தில் 'கார்ப்' என்ற சொல் மாதிரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மாதிரியை மாற்றாமல் 'அடுத்து' பொத்தானை அமுக்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அலுவலகத்துக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை. அதே மடிக்கணினியைக் காபிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், உள்ளே பதில் கிடைத்த கேள்விகள் வெளி இணையத்தில் கார்ப்.காம் வாசலைத் தட்ட ஆரம்பித்தன. அந்த டொமைனை 1994இலேயே வாங்கி வைத்திருந்தவர் மைக் ஓகானர் என்ற அமெரிக்கர். 2019இல் ஜெஃப் ஷ்மிட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அங்கே வந்து விழுவதைச் சோதித்துப் பார்த்தபோது, 3.75 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் தாம் அனுப்பக் கூடாததை அனுப்ப முயன்றுகொண்டிருந்தன. மின்னஞ்சலைச் சுமார் ஒரு மணி நேரம் திறந்து வைத்ததில் வந்து குவிந்தவை 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். சோதனையை அத்தோடு நிறுத்தி, வந்ததை அழித்துவிட்டார்கள். 2020 தொடக்கத்தில் ஓகானர் 17 லட்சம் டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வைத்தார். ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது. கொடுத்த விலையை வெளியே சொல்லவில்லை.

கார்ப், ஹோம், மெயில் என்ற மூன்று பெயர்களையும் மேல்மட்ட டொமைனாக யாருக்கும் தருவதில்லை என்று ஐகான் அமைப்பு 2018இல் முடிவெடுத்ததற்கும் காரணம் இதே போன்ற கசிவுதான்.

இப்போது உங்கள் கணினிக்கு வருவோம். 'சர்ச்' வரியை நீங்கள் எழுதவில்லை என்றால் எழுதியது யார்? பெரும்பாலும் டிஹெச்சிபி. வைஃபையில் சேரும்போது ஐபி முகவரியோடு நேம்சர்வரும் வருகிறது, வாலும் வருகிறது. முன்பின் தெரியாத கடையின் ரவுட்டர் உங்கள் பெயர்களுக்கு வால் வைக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இந்த வாலை இயல்பாக ஏற்பதில்லை, நம்பும் வலையமைப்பில் மட்டும் இயக்கிக்கொள் என்று அதன் கையேடே சொல்கிறது. வேறு பல நிரல்கள் கேள்வி கேட்காமல் எழுதிவிடுகின்றன. கோபத்தில் கோப்பையே பூட்டிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து நேம்சர்வர் மாறும்போது அவர்கள்தான் முதலில் தொலைபேசியில் வருவார்கள்.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'டிக்' கட்டளை இயல்பாக வாலை ஒட்டாது. நீங்கள் கொடுத்த பெயரை அப்படியே கேட்கும். 'பிங்' ஒட்டும், 'என்எஸ்லுக்கப்' ஒட்டும், உங்கள் நிரல்களும் ஒட்டும். டிக் சரியான விடை சொல்ல, நிரல் மட்டும் வேறெங்கோ போய் நிற்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது நேம்சர்வரை அல்ல, இந்த வரியை. அலுவலக டொமைனில் வசதிக்காக யாரோ போட்ட நட்சத்திரப் பதிவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தப்பாகத் தட்டிய எல்லாப் பெயரும் உங்கள் சொந்த வலைத்தளத்தையே திறக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் குபெர்னெட்டீஸ் பாட் ஒன்றுக்குள் போய் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் படித்துப் பார்க்கலாம். மூன்று வால், என்டாட்ஸ் 5. சேவைகளைச் சின்னப் பெயரில் அழைக்கும் வசதிக்காகச் செய்தது. ஆனால் ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம் என்ற வெளிப்பெயரில் இருப்பது இரண்டே புள்ளி. ஆகவே மூன்று வாலையும் ஒட்டித் தோற்ற பிறகே உண்மையான பெயர் கேட்கப்படும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியே என்று கணக்கிட்டால், இரண்டு கேள்வியில் முடிய வேண்டியது எட்டாகிறது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஒன்று என்று வைத்ததை இங்கே ஐந்துக்கு ஏற்றியது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. பயனில்லாத வினவல்களில் திணறும் டிஎன்எஸ் சர்வருக்கு அதிக நினைவகம் வாங்கிக் கொடுப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

மருந்து ஒன்று உண்டு, செலவே இல்லாதது. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி. 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்.' என்று எழுதினால், இது முழுப்பெயர், எதையும் ஒட்டாதே என்று அர்த்தம். என்டாட்ஸ் என்னவாக இருந்தாலும் நேராகப் போகும். சில வலைச் சர்வர்களும் சான்றிதழ் சரிபார்ப்பும் அந்தக் கடைசிப் புள்ளியைக் கண்டு முரண்டு பிடிக்கும் என்பதால், ஒரு முறை சோதித்துவிட்டு எழுதுங்கள். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் பெயர்களை, நீங்கள் காசு கொடுத்து வைத்திருக்கும் டொமைனின் கீழேயே வையுங்கள். அது முடியாதென்றால் 'இன்டர்னல்' இருக்கிறது. பொது இணையத்தில் அதை யாருக்கும் தருவதில்லை என்று ஐகான் 2024 ஜூலையில் ஒதுக்கி வைத்துவிட்டது.

நேம்சர்வரைக் கேட்பதற்கும் முன்னால், ஹோஸ்ட்ஸ் கோப்பா டிஎன்எஸ்ஸா, எதை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்கும் இன்னொரு கோப்பு இருக்கிறது: என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப். அது அடுத்த வாரம்.

(தொடரும்)