கோஹா: நூலகங்களுக்குக் கிடைத்த ஒரு நன்கொடை

மஹல்லா நூலகங்களில் இரவல் கணக்கு பெரும்பாலும் ஒரு நீள நோட்டில்தான் இருக்கிறது. ஒரு கிதாப் யாரிடம் போனது என்று தேடப் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும். இந்த வேலையைக் கணினியில் செய்து தரும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் கோஹா.

அதை உருவாக்கியதும் ஓர் அறக்கட்டளைதான். நியூசிலாந்தின் ஹொரொவெனுவா பகுதி நூலகங்களை நடத்திவந்த அந்த அறக்கட்டளைக்கு 1999இல் ஒரு சிக்கல் வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் ஓடாது. எனவே ஒரு சிறிய நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது வேலைக்கு வந்ததும் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் நன்கொடை. பெற்றவர் பிறகு தம்மால் இயன்றதைத் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அச்சொல்லில் உண்டு. பின்னாளில் ஓர் அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே நியூசிலாந்தில் வணிகச் சின்னமாகப் பதியப் பார்த்தது. அறக்கட்டளை எதிர்த்தது, 2013இல் அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

ஒவ்வொரு நூலையும் ஒரு முறை பதிந்து பார்கோடு ஒட்டிவிட்டால் போதும். யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்பது உடனே தெரியும். இணையத்தில் இணைத்துவிட்டால் பெண்கள் வீட்டிலிருந்தே தேடிப் பார்த்து நூலை முன்பதிவு செய்யலாம். திருப்பிக் கொடுத்த பிறகு, யார் எதைப் படித்தார் என்ற விவரத்தை அழித்துவிடவும் வழி இருக்கிறது. நோட்டில் அந்த வசதி கிடையாது. புரட்டுகிறவர் எல்லோரும் பார்க்கலாம்.

பதிவு செய்வதுதான் பெரிய வேலை. புது நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால் வேறு நூலகங்களின் பதிவிலிருந்து விவரம் பெரும்பாலும் கிடைத்துவிடும். நம் பாட்டனார் காலத்துத் தமிழ் நூல்களுக்கும் அரபுத் தமிழ் நூல்களுக்கும் அந்த எண்ணே கிடையாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தலைப்பு, ஆசிரியர், அச்சிட்ட ஊர், ஆண்டு எல்லாம் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ் எழுத்து, அரபு எழுத்து இரண்டையும் கோஹா ஏற்கும். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் கணினி தெரிந்த பிள்ளை ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். ஒரு கணினியும் லினக்ஸ் தெரிந்த ஒருவரும் தேவை. தினமும் கணக்கைப் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும்.