மூணாவது பாக்கெட் எங்கேண்ணா?

காலை ஏழரை மணிக்கு உங்க மொபைலில் வீடியோ கால் வந்தா என்ன நினைப்பீங்க? யாரோ பர்த்டே ட்ரீட் தரப் போறாங்கன்னுதானே! எனக்கு வந்தது ஒரு கணக்கு. கூப்பிட்டவர் எங்க டிபார்ட்மென்ட் சீனியர். அமெரிக்காவின் ஒஹையோவில் எம்.எஸ். படிக்கிறார். அங்கே அப்போ ராத்திரி பத்து. பின்னாடி அடுப்பு, பெரிய பானை. முகத்தில் அரியர் விழுந்த களை.

"டேய் தம்பி, கோதுமை பீர் காய்ச்சினேன்டா. நினைச்சதைவிட ஸ்ட்ராங்கா வந்துடுச்சு. ஈஸ்ட் பத்தாது போலிருக்கு!"

வெயிட் பாஸ்! அமெரிக்காவில் 21 வயசானவங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி இதே வேலை குற்றம். அதனால ஹாஸ்டல் ரூமில் பக்கெட்டைத் தேடாம, கணக்கை மட்டும் பாருங்க.

முளைகட்டிக் காயவெச்ச கோதுமையையும் பார்லியையும் உடைச்சு, வெந்நீரில் ஊறவெச்சா இனிப்புத் தண்ணி கிடைக்கும். அதுக்குப் பேரு வோர்ட். ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவெச்சு, ஆறவெச்சு, ஈஸ்டைப் போட்டா, அது சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும். எத்தனை ஈஸ்ட் போடணும்? ஒரு மில்லி வோர்ட்டுக்கு, ஒவ்வொரு சதவிகித சர்க்கரைக்கும் 7.5 லட்சம் செல்கள். ஏல் வகை பீருக்கு இது ஊரறிந்த ஃபார்முலா.

அண்ணன் போட்ட பிளான், 20 லிட்டர், 12 சதவிகிதம். பெருக்கிப் பாருங்க... 18,000 கோடி செல்கள்! புது பாக்கெட் ஒண்ணில் சுமார் 10,000 கோடி இருக்கும். ரெண்டு வாங்கினார். சரிதானே?

அங்கேதான் ட்விஸ்ட். போன தடவை தானியம் சரியா உடையாம சர்க்கரை குறைச்சலா இறங்கியதாம். இந்தத் தடவை மில்லில் ரெண்டு முறை உடைச்சிருக்கார். கோதுமைக்கு உமி கிடையாது, மணியும் கெட்டி. நல்லா உடைஞ்சதும் சர்க்கரை கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு. ஹைட்ரோமீட்டரில் 1.048 வரவேண்டிய இடத்தில் 1.064. அதாவது கிட்டத்தட்ட 16 சதவிகிதம். இப்போ தேவை 24,000 கோடி. போதாக்குறைக்கு பாக்கெட்டுகளும் ரெண்டு மாசப் பழசு. ஃப்ரிட்ஜில் இருந்தாலும் செல்கள் செத்துக்கிட்டேதான் இருக்கும்.

"தண்ணி ஊத்தி 12-க்கு இறக்கிடுங்கண்ணா" என்றேன், பெரிய மேதை மாதிரி. அப்புறம்தான் உறைச்சது. சாம்பாரில் தண்ணி ஊத்தினா பந்தியில் ஆள் குறையுமா? செறிவு குறையும், மொத்த சர்க்கரை அப்படியேதானே இருக்கு! ஈஸ்ட் தேவையும் அதே 24,000 கோடிதான். நம்ம மாஸ் பேலன்ஸ் பாடம், பாஸ். கேனிலும் அத்தனை இடமில்லை.

"குறைச்சலாவே போட்டா என்ன? வாழைப்பழ வாசனை தூக்கலா வருமாமே?" என்றார் அவர். ஜெர்மனியின் பவேரியா பக்கத்து கோதுமை பீரில் அந்த வாசனைதான் ஸ்பெஷல். ஐசோஅமைல் அசிடேட் என்கிற எஸ்டர் செய்யும் வேலை. ஈஸ்டைக் கொஞ்சம் குறைச்சா அது கூடும் என்று நம்பி, வேணும்னே குறைக்கிற ஆட்களும் உண்டு. ஆனா ஸ்ட்ராங்கான வோர்ட்டில் இது விஷப்பரீட்சை. ஈஸ்ட் களைச்சுப்போய் பாதியில் நின்னுடும். முடிஞ்சதுன்னு நினைச்சு பாட்டிலில் அடைச்சா, உள்ளே மெதுவா மறுபடி ஆரம்பிக்கும். லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை மிச்சமிருந்தாலே, ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 3 லிட்டர் வாயு கூடுதலா கிளம்பும். கண்ணாடி பாட்டில் வெடிச்சா கண்ணுக்கே ஆபத்து. அண்ணன் கப்சிப்!

கடை பூட்டியாச்சு. மூணாவது பாக்கெட்டுக்கு எங்கே போறது? வளர்த்துட வேண்டியதுதான்! வோர்ட்டிலிருந்தே ஒண்ணேகால் லிட்டர் எடுத்து, முக்கால் லிட்டர் தண்ணி சேர்த்து 10 சதவிகிதமாக்கி, கொதிக்கவெச்சு ஆறவெச்சு, ரெண்டு பாக்கெட்டையும் அதில் போடச் சொன்னேன். லேசான கரைசலில் ஈஸ்ட் சிரமமில்லாம பெருகும். அப்பப்போ குலுக்கிவிடணும். செல் சவ்வு கட்ட அதுக்கு ஆக்சிஜன் வேணும். மீதி வோர்ட்டை, சுத்தப்படுத்தின கேனில் மூடி, குளிர்ச்சியா வெச்சார். அதுக்குள்ள பாக்டீரியா புகுந்தா எல்லாம் அவுட். ரிஸ்க்தான்!

மறுநாள் சாயங்காலம் வரை காத்திருந்த நேரத்தில் அண்ணனுக்குப் புது டவுட். "24,000 கோடின்னு சொல்றியே, எவன்டா உட்கார்ந்து எண்ணினான்?"

எண்ணினார் ஒருத்தர்! டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் 1899-ல் சேர்ந்த வில்லியம் சீலி காசெட். மைக்ராஸ்கோப்பில் கட்டம் போட்ட கண்ணாடித் துண்டை வெச்சு ஈஸ்ட் செல்களை எண்ணினா, கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை மாறும். அந்தப் பிழை எவ்வளவு இருக்கும்னு 1907-ல் ஒரு கட்டுரை எழுதினார். கம்பெனி சொந்தப் பெயரில் வெளியிட விடலை. அவர் வெச்சுக்கிட்ட புனைபெயர், 'ஸ்டூடன்ட்'. ஆமா பாஸ், அடுத்த வருஷமே அவர் எழுதிய கட்டுரைதான் நம்மை எக்ஸாம் ஹாலில் அழவைக்கிற 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்'டுக்கு அஸ்திவாரம். அந்தப் பேரு நம்மை மாதிரி ஸ்டூடன்ட்ஸுக்காக வெச்சதுன்னுதானே இத்தனை நாள் நினைச்சேன்!

மறுநாள் ஈஸ்டைக் கொட்டினார். ராத்திரி தூங்கப் போனபோது அமைதி. காலையில் போட்டோ வந்தது... நுரை குழாயைத் தள்ளிக்கிட்டு, சமையலறைச் சுவர் வரைக்கும்! துடைச்ச ரூம்மேட் ரெண்டு நாள் பேசலையாம்.

ரெண்டு வாரம் கழிச்சு ஹைட்ரோமீட்டரில் 1.014. மூணு நாள் விட்டு மறுபடி பார்த்தார். அதே 1.014. அதுக்கப்புறம்தான் பாட்டில் மூடிகளைக் கையில் எடுத்தார் அண்ணன்.