கிரியேட்டினின் 1.4: கிட்னி டாக்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அவர்கிட்ட என்ன கேட்கிறது?

கம்பம், சின்னமனூர், போடின்னு நம்ம பக்கத்துல இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல்னு சொல்லிட்டாங்க. மதுரைக்குப் போகணுமா? போனா யாரைப் பார்க்கிறது?" நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். மருந்து பத்தி எதுவும் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டை எப்படிப் பார்க்கணும், டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்ங்கிறது மட்டும்தான் இன்னைக்கு.

முதல்ல அந்த எண். கிரியேட்டினின் தசையில் இருந்து வர்ற கழிவு. கிட்னி அதை வெளியேத்துது. தசை அதிகம் உள்ளவருக்கு ரத்தத்துல இயல்பாவே கூட இருக்கும். ஒல்லியான, வயசானவங்களுக்குக் குறைவா இருக்கும். அதனால 1.4ங்கிற எண்ணைத் தனியா வெச்சு முடிவு பண்ண முடியாது. வயசு, ஆணா பெண்ணா ரெண்டையும் சேர்த்து ஒரு ஃபார்முலாவில் போட்டா வர்றது இ-ஜி.எஃப்.ஆர். கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு. 2021ல் வந்த ஃபார்முலாவில் நானே போட்டுப் பார்த்தேன். 25 வயசுப் பையனுக்கு 1.4ன்னா சுமார் 71. 60 வயசுப் பெண்ணுக்கு அதே 1.4ன்னா 43! இந்தக் கணக்கு 60க்குக் கீழே மூணு மாசத்துக்கு மேல நின்னா அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

எங்க அத்தை திராட்சைத் தோட்டத்துல கூலி வேலை பார்த்தவங்க. "லேசாத்தான் கூட இருக்கு, தண்ணி நிறைய குடிங்கம்மா"ன்னு ரெண்டு வருஷம் ஒரு கிளினிக்கில் சொல்லி அனுப்பினாங்க. யூரின் டெஸ்ட் ஒரு தடவைகூட எழுதலை. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்ட மாத்திரையைப் பத்தி யாரும் கேட்கலை. அந்த வலி மாத்திரைகள்ல பல கிட்னியைப் பாதிக்கக்கூடியவை. கடைசியா மதுரையில் பார்த்தப்போ அத்தைக்கு இ-ஜி.எஃப்.ஆர். 28.

"எனக்குத்தான் சுகரும் இல்லை, பிரஷரும் இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைச் சோதிச்ச ஆய்வு 2025ல் வெளியாச்சு. நூத்துக்கு அஞ்சு பேருக்குச் சற்று மேல சிறுநீரக நோய் இருந்துச்சு. அதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு சுகர், பிரஷர் மாதிரி வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயில்ல நாள் முழுக்க நிக்கிற வேலையைச் சந்தேகிக்கிறாங்க. நம்ம பள்ளத்தாக்குல வயல், தோட்டம்னு உழைக்கிற யாரும் ஒரு தடவையாவது யூரின்ல புரதம் போகுதான்னு பார்த்துடறது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இதைப் பார்க்கலாம்.

சரி, ஸ்பெஷலிஸ்ட் எப்போ? இ-ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனா, யூரின்ல அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 300ஐத் தாண்டினா, இல்லை சில மாசத்துலயே எண் வேகமா இறங்கினா, தள்ளிப்போடக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டியது நெஃப்ராலஜிஸ்ட். இதுல நிறைய பேருக்குக் குழப்பம். யூராலஜிஸ்ட் கல்லு, புராஸ்டேட்னு ஆபரேஷன் பண்றவர். அவர் படிப்பு எம்.சிஎச். கிட்னி செயலிழப்பைப் பார்க்கிறவர் எம்.டி.க்கு மேல நெஃப்ராலஜியில் டி.எம். அல்லது டி.என்.பி. முடிச்சிருப்பார். போர்டுல "கிட்னி ஸ்பெஷலிஸ்ட்"னு மட்டும் இருந்தா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்துல பேரைத் தேடிப் பாருங்க. தனியாருக்குச் செலவழிக்க முடியலைன்னா மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியில், சிறுநீரகத் துறை தனியாவே இருக்கு.

பட்டம் இருந்தா மட்டும் நம்பிடலாமா? என் அளவுகோல் வேற. பழைய ரிப்போர்ட்டைக் கேட்கிறாரா? நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுறீங்களான்னு கேட்கிறாரா? "இது ஏன் வந்துச்சு?"ங்கிற கேள்விக்கு, "இன்னும் தெரியலை, இந்த டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொல்றவரை நான் நம்புவேன். "ஒரே மாசத்துல இறக்கிக் காட்டுறேன்"னு உறுதி கொடுக்கிறவர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுவேன். வேற டாக்டர்கிட்டயும் காட்டட்டுமான்னு கேட்டதுக்குக் கோபப்பட்டாலும் அப்படித்தான்.

கம்பத்துல இருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல. ஒருநாள் கூலியை விட்டுட்டுப் போனா டாக்டர் முன்னாடி கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒரே ஒரு தாள் தயார் பண்ணுங்க. தேதிவாரியா கிரியேட்டினின், இ-ஜி.எஃப்.ஆர்., யூரின் புரதம், பிரஷர். கீழே சாப்பிடுற எல்லா மாத்திரையின் பேரும். அத்தைக்கு நான் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் ஃபைலைப் புரட்டவே இல்லை, அந்தத் தாளைத்தான் பார்த்தார். முடிஞ்சவரை ஒரே லேப்ல டெஸ்ட் எடுங்க. லேப் மாறினாலே எண் கொஞ்சம் மாறும். ஊர் டாக்டருக்கு ரெண்டு வரி எழுதி வாங்கிக்கங்க, பிரஷருக்காக ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டாம்.

ரிப்போர்ட் தர மாட்டேன்னா? 2002ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்படி, நீங்க கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள உங்க சிகிச்சைப் பதிவுகளைத் தரணும். சண்டை போட வேண்டாம். எழுத்துல கொடுத்து, தேதி போட்டு வாங்கிக்கங்க.

எண் 30க்குக் கீழே போனவங்க இன்னும் ரெண்டு கேட்கணும். ஒண்ணு, மாற்று அறுவைக்கு வாய்ப்பிருக்கா. டயாலிசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைப் பண்ண முடியும். ரெண்டாவது, எந்தக் கையில ஊசி போடக் கூடாது. டயாலிசிஸுக்குக் கையில் ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா வைப்பாங்க; அது தயாராக வாரக்கணக்கில் ஆகும். பொதுவா அதிகம் புழங்காத கையில்தான் வைப்பாங்க. வலதுகைப் பழக்கம் உள்ள அத்தை, இப்போ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நர்ஸ்கிட்ட முதல்ல சொல்றது: "இடது கையைத் தொடாதம்மா."

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸுக்குப் பதியிறது எப்படின்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.