சைலன்சர் வழியே போகும் காசு

கடுகு போகிற இடத்தைத் தடவிப் பார்ப்பார், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்பார்கள். கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாமல் தேடும் நம் வணிகர்கள் பலர், சரக்கு ஏற்றும் வண்டியின் சைலன்சர் பழுதைக் கவனிப்பதில்லை. அதனால் வரும் நட்டத்தையும் ஆபத்தையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வண்டியூர் கடைக்காரர்கள் மாட்டுத்தாவணிச் சந்தைக்கும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கும் போய்வர மொபெட்டோ பைக்கோதான் துணை. பெரும்பாலும் குறைந்த தூர ஓட்டம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். சைலன்சர் முழுச் சூடு ஏறுமுன் வண்டியை நிறுத்திவிடுவதால் அந்த ஈரம் உள்ளே தங்கி, அடிப்பாகம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. பாரமும் பள்ளம் மேடும் சேர்ந்து நட்டுகளையும் கழற்றிவிடுகின்றன.

எதைப் பார்ப்பது?

என்ஜின் ஆறியபின் பாருங்கள். பெண்ட் பைப் என்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டும் உள்ளனவா? அங்கே கரி படிந்திருந்தால் பேக்கிங் போய்விட்டது என்று பொருள். வேகத்தைக் குறைக்கும்போது டப் டப் என்று வெடித்தாலும் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பேக்கிங் மலிவான பொருள். அதைத் தள்ளிப்போட்டால் ஸ்டட் ஆடி, செலவு என்ஜின் வரை போகும்.

சூடு தடுக்கும் தகடு விழுந்திருந்தால் உடனே மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் கடை ஊழியரின் கால் சுடும். தொங்கும் சாக்கும் பாலிதீன் பையும் பட்டால் தீயும் பிடிக்கலாம்.

சில சைலன்சர்களின் அடியில் நீர் வடிய நிறுவனமே சிறு துளை விட்டிருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

சிறு ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாம். சைலன்சரைக் கழற்றி, பெட்ரோல் டேங்குக்கு எட்டத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தகடு முழுவதும் இற்றுப்போயிருந்தால் மாற்றுவதே சிக்கனம்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. 2021-ல் குஜராத்தில் ஈக்கோ வேன்களின் சைலன்சர்களைத் திருடிய கும்பல்கள் பிடிபட்டதற்குக் காரணம் இதுதான். ஆகவே மாற்றிய பழைய சைலன்சரைக் கேட்டு வாங்குங்கள். பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சத்தத்துக்காக உள்குழாயை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் இணங்க வேண்டாம்.

சட்டம்

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆவது விதிப்படி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம். ஒலி, புகை வரம்பை மீறினால், 2019 திருத்தத்திற்குப் பின், 190(2) பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

இன்னும் ஒன்று. மழைக்காலத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் குடோனுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது உயிரைக் குடிக்கும். கசியும் சைலன்சர் என்றால் வெளியில் ஓடும்போதும் அது ஓட்டுபவரின் காலடியிலேயே வெளியேறுகிறது.

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு நின்றுவிடாமல், மாதந்தோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாளில் சைலன்சரின் நட்டுகளையும் எண்ணிப் பார்க்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.