பக்கவாதம்: மணிக்கணக்கும் மாதக்கணக்கும்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் பக்கவாதம் வருகிறது. குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் வருகிறது. அடைப்பால் வருவதுதான் அதிகம், இந்த வாரம் அதைப் பற்றியது. கசிவுக்கான சிகிச்சை வேறு வழியில் வளர்ந்ததால் அது அடுத்த வாரத்துக்கு.

அடைப்பு விழுந்தவுடன் அந்தப் பக்கத்து மூளை முழுவதும் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. ரத்தம் அறவே நின்ற நடுப்பகுதியில் செல்கள் சில நிமிடங்களில் மடிகின்றன. அதைச் சுற்றியுள்ள திசுவுக்குப் பக்கத்துக் கிளைக்குழாய்கள் வழியே கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். வேலை செய்ய அது போதாது, உயிர் தரித்திருக்கப் போதும். கை அசையாமல், பேச்சு வராமல் கிடப்பவரின் மூளையில், கையையும் பேச்சையும் ஆளும் செல்களில் பல இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. 1970களில் லண்டனில் லின்ட்சே சைமனின் குழுவினர் பபூன் குரங்குகளின் மூளையில் ரத்த ஓட்டத்தை அளந்து இதைக் காட்டினார்கள். ஓட்டம் ஓரளவு குறைந்ததும் செல்லின் வேலை நிற்கிறது. இன்னும் கீழே இறங்கினால்தான் உயிர் போகிறது. இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட திசுவைப் பெனம்ப்ரா என்கிறார்கள். முதல் நாள் சிகிச்சை முழுவதும் அதைக் காப்பாற்றுவதற்கான போராட்டம்.

அந்தத் திசு எவ்வளவு நேரம் தாங்கும்? பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையில்லாமல் விடப்பட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று லாஸ் ஏஞ்சலிஸ் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுகிறது என்பதே பின்னால் வந்த ஆய்வுகளின் முக்கியமான கண்டுபிடிப்பு.

குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் எண்ணம் பழையது. ஆனால் கசிவு இருப்பவருக்குக் கரைப்பு மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. லண்டனில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் 1971-ல் முதல் நோயாளியைப் படம் பிடித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதற்குப் பிறகும் பாதை எளிதாக இல்லை. 1990களில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வைத்து நடந்த ஆய்வுகள், மூளைக்குள் ரத்தக்கசிவு மிகுந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டன.

திருப்பம் 1995 டிசம்பரில் வந்தது. மாரடைப்புக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த டி.பி.ஏ. என்ற மருந்தை அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் 624 பேரிடம் சோதித்தது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். அதிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொண்ணூறு நிமிடத்துக்குள் ஏற்றப்பட்டது. இவ்வளவு கண்டிப்பான நிபந்தனையோடு துணிந்ததில்தான் இந்த ஆய்வின் பெருமை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, பெரிய குறையின்றி மீண்டவர்கள் மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். விலையும் இருந்தது. மூளைக்குள் ஆபத்தான கசிவு 6.4 சதவீதம் பேருக்கு ஏற்பட்டது, மற்றவர்களில் அது 0.6 சதவீதம்தான். ஆனாலும் மொத்த மரணங்கள் கூடவில்லை. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று இந்த வரம்பை நாலரை மணி நேரத்துக்கு நீட்டியது. இப்போது டி.பி.ஏ.வின் இடத்தை டெனெக்டெப்ளேஸ் பிடித்துவருகிறது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2022-ல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. டி.பி.ஏ.வை ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டும், இதை ஒரே ஊசியில் செலுத்திவிடலாம். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் சிறிய மருத்துவமனைக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் நோயாளி மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகும் நேரம் கரைந்துகொண்டே இருந்தது. பதிவுச்சீட்டு, படுக்கை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பு என்று ஒவ்வொன்றும் சில நிமிடங்களைத் தின்றது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-ல் வாசலிலிருந்து ஊசி வரை 105 நிமிடம் ஆயிற்று. 2011-ல் அது 20 நிமிடம். இடையில் செய்ததெல்லாம் வேலையின் வரிசையை மாற்றியதுதான். ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தகவல் போகும். நோயாளி வந்து சேர்வதற்குள் பழைய மருத்துவக் குறிப்புகளைப் பார்த்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவார்கள். அந்த மேசையிலேயே மருந்து ஏறும். மெல்பர்ன் மருத்துவமனை ஒன்று இதே முறையை நான்கே மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய மருந்துகளுக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதிகூட இந்த வேலைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

பெரிய குழாயில் சிக்கிய பெரிய கட்டியை மருந்து பெரும்பாலும் கரைப்பதில்லை. தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய கதீட்டரை மூளை வரை செலுத்தி, கம்பிவலையால் கட்டியைக் கவ்வி வெளியே இழுப்பது அடுத்த முயற்சி. 2013-ல் இதைப் பற்றி வெளியான மூன்று ஆய்வுகளும் பலனில்லை என்றன. கருவிகள் பழையவை, தொடங்கிய நேரம் தாமதம், பலருக்குப் பெரிய குழாயில் அடைப்பு இருந்ததா என்றே சரிபார்க்கவில்லை. துறை சோர்ந்திருந்த நேரத்தில் நெதர்லாந்து கைவிடவில்லை. அங்கே ஆய்வில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு மட்டுமே இந்தச் சிகிச்சைக்கான செலவு திரும்பக் கிடைக்கும் என்று ஏற்பாடு இருந்தது. நோயாளிகள் விட்டுப்போகாமல் ஆய்வுக்குள் வந்தார்கள். 500 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2015 தொடக்கத்தில் அச்சேறியது. பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பியவர்கள் 19.1 சதவீதத்திலிருந்து 32.6 சதவீதமாக உயர்ந்தார்கள். அதே ஆண்டில் வேறு நான்கு ஆய்வுகளும் இதையே சொன்னன. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து பேருக்குக் கட்டியை எடுத்தால் சுமார் இரண்டு பேருக்குச் செயலிழப்பு ஒரு படியாவது குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் அரிது.

அதுவரை எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டியை எடுப்பதற்கும் ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் கைவிரிப்பு. இரவு நன்றாகப் படுத்து, காலையில் கை கால் விழுந்து எழுபவருக்கு எப்போது தொடங்கியது என்றே தெரியாது, அவருக்கும் கைவிரிப்புதான். 2018-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் இந்த வழக்கத்தை மாற்றின. கடிகாரத்தை விட்டுவிட்டு, திசு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து அவை நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தன. சிலருக்குக் கிளைக்குழாய்கள் வலுவானவை. அவர்களின் பெனம்ப்ரா பல மணி நேரம் தாங்குகிறது. ஓர் ஆய்வில், ஆறிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கட்டி எடுக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் தம் காலில் நின்றார்கள், எடுக்கப்படாதவர்களில் 13 சதவீதம்தான். மற்ற ஆய்வில் மரணமும் 26 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. உறக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துக் கரைப்பு மருந்து கொடுக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்றும் அதே ஆண்டில் நிறுவியது. இதனால் அவசரம் குறைந்துவிடவில்லை. தாமதமாக வருபவர்களில் மிச்சத் திசு உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தக் கதவு. அது இருக்கிறதா என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

உயிர் பிழைத்து, கட்டி நீங்கி, கை வராமல் வீடு திரும்புபவரின் கதை இதற்குப் பிறகு தொடங்குகிறது. மீட்சி ஆய்வுகளுக்குப் பணமும் கவனமும் குறைவு. ஆனால் அங்கே கேள்வி இன்னும் கடினம். சிகிச்சையில் முந்துவது நல்லது என்றால் பயிற்சியிலும் முந்துவது நல்லதுதானே என்று பலர் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினரை முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள். 2015-ல் வந்த விடை எதிர்பார்ப்புக்கு மாறானது. நன்றாக மீண்டவர்கள் அந்தப் பிரிவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். குறைந்த நேரம், பல தடவை என்று பிரித்துச் செய்வதே பாதுகாப்பு என்று அதே தரவுகளின் பிற்பகுப்பாய்வு காட்டியது.

அப்படியானால் தீவிரப் பயிற்சிக்கு உகந்த காலம் எது? அமெரிக்காவில் 72 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2021-ல் இதற்கு நேரடியாக விடை தேடியது. வழக்கமான பிசியோதெரபியோடு கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சி. அதை முதல் மாதத்தில் பெற்றவர்கள், இரண்டு மூன்று மாதத்தில் பெற்றவர்கள், ஆறு மாதத்துக்குப் பின் பெற்றவர்கள் என்று பிரித்தார்கள். அதிகப் பலன் இரண்டாவது பிரிவுக்கு. காயத்துக்குப் பிறகு மூளை தன் இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் ஒரு பருவம் விலங்குகளில் தெரிந்திருந்தது. மனிதர்களிலும் அது உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. நம் குடும்பங்களில் பலவும் மருத்துவமனைச் செலவில் களைத்துப் பயிற்சியை நிறுத்துவது சரியாக இந்த மாதங்களில்தான்.

குடும்பத்தாரே பயிற்சி கொடுத்தால்? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். 2017-ல் வெளியான இந்த முடிவு ஏமாற்றம் தந்தது. ஆனால் தேர்ந்த பிசியோதெரபிஸ்டின் வேலையைச் சில நாள் பாடத்தோடு உறவினர் தலையில் இறக்கிவைக்க முடியாது என்பது அதனால் தெளிவானது. மாத்திரையும் அப்படியே. ஃப்ளூவோக்ஸெடின் கையசைவைக் கூட்டுவதாக 118 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வு 2011-ல் நம்பிக்கை கொடுத்தது. பிரிட்டனில் 3,127 பேரிடம் பார்த்தபோது மீட்சியில் பலன் இல்லை, எலும்பு முறிவு கூடியது.

மாதங்கள் கடந்தவர்களுக்கு இரண்டு வழிகள் நிலைத்திருக்கின்றன. எட்வர்ட் டாப் குரங்குகளில் கண்டறிந்த உண்மை முதலாவதற்கு அடிப்படை. நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிடுவதால் பலவீனமான கை வேலையை மறந்துவிடுகிறது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைக் கட்டிப்போட்டு, இரண்டு வாரம் மற்ற கையைக் கடுமையாகப் பழக்கினால் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிற்கிறது என்று 222 பேரின் ஆய்வு 2006-ல் காட்டியது. விரல்களில் ஓரளவாவது அசைவு மிஞ்சியிருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். இரண்டாவது, கழுத்தின் வேகஸ் நரம்புக்கு மின்தூண்டல் தரும் சிறு கருவி. ஒவ்வொரு பயிற்சி அசைவின்போதும் அந்தத் தூண்டல் தரப்படுகிறது. பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்தாண்டு வரை ஆன 108 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. எல்லாருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான தூண்டல் கொடுத்தார்கள். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 24 சதவீதம் பேருக்கு. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இக்கருவிக்கு அனுமதி அளித்தது.