பறக்கும் கார் ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

பழைய சண்டைப் படம் ஒன்றில் கார் மலை உச்சியிலிருந்து விழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி உடனே, “இது பொம்மை கார்!” என்கிறான். அவனுக்கு நியூட்டனைத் தெரியாது. ஆனால் பந்து விழுவதையும் நீர் தெறிப்பதையும் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய கண்கள் அவனுக்கு உண்டு. இயற்பியல் விதி மீறப்பட்டால் அந்தக் கண்கள் கண்டுபிடித்துவிடும்.

படம் பழையது என்பதால்தான் காட்சி பொய்யாகத் தெரிகிறது என்று நினைக்கிறீர்களா? நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட ஒரு சண்டைக் காட்சியைப் பாருங்கள்.

கோலாலம்பூர் வானில் ஒரு பாடம்

1992இல் வெளிவந்த ‘போலீஸ் ஸ்டோரி 3: சூப்பர்காப்’ படத்தின் இறுதிச் சண்டை கோலாலம்பூரில் படமாக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்தபடி ஜாக்கி சான் நகரின் மேல் பறக்கிறார். ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ, மோட்டார் சைக்கிளோடு ஓடும் ரயிலின் மேல் பாய்ந்து இறங்குகிறார். அந்தப் படத்துக்காகத்தான் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டார்.

30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சி இன்னும் நம்பும்படி இருக்கிறது. தரையை விட்டுப் பாயும் எந்தப் பொருளும் வளைந்த பாதையில் செல்லும். அதன் பெயர் பரவளையம். மேலே போகப் போக ஏறும் வேகம் குறையும். உச்சியைத் தாண்டியதும் விழும் வேகம் கூடிக்கொண்டே போகும். மிஷல் இயோவின் மோட்டார் சைக்கிள் இந்த விதிப்படியே பாய்ந்தது, ஏனென்றால் அது உண்மையாகவே பாய்ந்தது.

கம்பியில் கட்டி இழுக்கப்படும் நாயகனைக் கவனியுங்கள். அவர் ஒரே வேகத்தில் மேலே போவார். உச்சியில் ஒரு கணம் தொங்குவார். இடுப்பு முன்னே போகக் கைகால்கள் பின்னே இழுபடும். அவர் உதைத்ததும் வில்லன் பத்து மீட்டர் பின்னால் பறப்பார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு விசை நாயகனையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். அவரோ அசையாமல் நிற்பார்!

தோலுக்குள் நுழையும் ஒளி

விழும் பொருளைப் போலவே ஒளியும் காட்டிக்கொடுக்கும். 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர் தாக்கும் ஒரு காட்சி இரவில், மழையில் நடக்கிறது. முழு உயர இயந்திர உருவத்தையும் கணினி உருவத்தையும் அதில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். குறைகளை இருட்டும் மழையும் மறைத்தன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2001இல் ‘தி மம்மி ரிட்டர்ன்ஸ்’ வந்தது. அதன் முடிவில் டுவெய்ன் ஜான்சனின் முகத்தோடு கணினியில் உருவாக்கிய தேள் அரசன் வருகிறான். அவன் தோல் பிளாஸ்டிக் போல மின்னுகிறது. புதிய படம்தான் பழையதாகத் தெரிகிறது!

காரணத்தை அறிய, இருட்டறையில் கைவிளக்கை உங்கள் விரல்களுக்குப் பின்னால் பிடியுங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். ஒளி தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை. உள்ளே நுழைந்து, சிதறி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. இந்தச் சிதறலையும் கணக்கிட்டு உருவாக்கியதால்தான் 2002இல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் வந்த கொல்லம் உயிருள்ளவன்போல் தெரிந்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

இப்போது பொம்மை காருக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் சிறிய உலோகக் கார்கள் பெரும்பாலும் உண்மைக் காரின் 64இல் ஒரு பங்கு நீளம் கொண்டவை. ஒன்றை 75 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து தள்ளிவிடுங்கள். அது 0.4 வினாடியில் தரையைத் தொடும். அந்த உயரத்தையும் 64 மடங்கு பெரிதாக்கினால் 48 மீட்டர்; ஏறக்குறைய 16 மாடி அடுக்குமாடியின் உயரம். அங்கிருந்து உண்மைக் கார் விழ 3 வினாடிக்குச் சற்று அதிகமாகும்.

நீளம் 64 மடங்கு கூடினால், விழும் நேரம் 64இன் வர்க்கமூலமான 8 மடங்குதான் கூடும். ஆகவே பொம்மை விழுவதை 8 மடங்கு மெதுவாகக் காட்டினால், அது உண்மைக் காரின் எடையோடு விழுவதுபோல் தெரியும். உங்கள் கைத்தொலைபேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க வசதி இருந்தால், அதில் பதிவு செய்து வினாடிக்கு 30 படங்களாக ஓட்டுங்கள். சரியாக 8 மடங்கு! பொம்மையைச் சாதாரண வேகத்திலேயே காட்டும்போதுதான் தம்பி சிரிக்கிறான்.

அடுத்து, காரை ஒரு தட்டு நீரில் விழச் செய்யுங்கள். இப்போது மெதுவாகக் காட்டினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். நீர்த்துளியின் அளவைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. பொம்மைக்காக நீர் தன் துளியைச் சிறிதாக்கிக்கொள்வதில்லை. 4 மில்லிமீட்டர் துளி, அந்தக் காருக்குப் பக்கத்தில் கால்பந்தைவிடப் பெரிதாகத் தெரியும். பழைய படங்களில் வெள்ளமும் மூழ்கும் கப்பலும் எளிதில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

யாருக்கும் அடிபடாத உண்மை

அப்படியானால் எல்லாவற்றையும் உண்மையாகவே செய்து படமெடுத்தால் என்ன? இயற்பியல் விதிகள் நடிகருக்காகத் தளர்வதில்லை. 1986இல் வேறொரு படத்துக்காக மரத்தில் தாவிய ஜாக்கி சான் கீழே விழுந்து மண்டை ஓட்டில் முறிவு ஏற்பட்டது. 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த தமிழ்ப் படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியைச் செய்த சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், சாலையில் மோட்டார் சைக்கிள் சாகசம் செய்யும் இளைஞர்கள் யோசிக்க வேண்டும்.

கணினி இங்கே உண்மையான உதவி செய்கிறது. முன்பெல்லாம் பாதுகாப்புக் கம்பி படத்தில் தெரியக் கூடாது என்பதற்காக மெல்லியதைக் கட்டினார்கள். சில வேளை கட்டாமலே விட்டார்கள். இன்று தடித்த கயிற்றைக் கட்டிக்கொண்டு தாவலாம். பிறகு கணினியில் அந்தக் கயிற்றை அழித்துவிடலாம். தாவுபவரின் எடையும் அவர் முகத்தில் படும் வெயிலும் உண்மை. கண்ணுக்குத் தெரியாத கயிறு அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிறது.

அடுத்த முறை சண்டைப் படம் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உடல் பரவளையத்தில் செல்கிறதா? முகத்தின் ஒளியும் பின்னணியின் ஒளியும் ஒத்துப்போகின்றனவா? நீர்த்துளிகள் சரியான அளவில் இருக்கின்றனவா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், அந்தக் காட்சி உங்கள் பேரப்பிள்ளைகளையும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கும்.