துரின் நகரத்துக் கசப்பினிப்பு

மதுக்கூடத்து அலமாரியில் விஸ்கிக்கும் ஜின்னுக்கும் நடுவே நிறுத்தப்படுவதாலும், காக்டெயில் எனப்படும் கலவை மதுக்களில் சேரும் துணைப்பொருளாகவே பெரும்பாலோருக்கு அறிமுகமாவதாலும், வெர்மூத் என்பது காய்ச்சி வடித்த மதுவகைகளுள் ஒன்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது ஒயின். மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் ஊறவைக்கப்பட்டு, எரிசாராயம் சிறிது சேர்த்து வலுவேற்றப்பட்ட திராட்சை ஒயின். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அதில் நான்கில் மூன்று பங்கேனும் ஒயின் வழிவந்ததாக இருக்க வேண்டும் என்றும், சாராய அளவு 14.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 22 விழுக்காட்டை எட்டாமலும் நிற்க வேண்டும் என்றும், ஆர்ட்டிமிசியா என்ற பேரினத்தைச் சேர்ந்த செடியின் சுவை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும் வரையறுக்கிறது. லிட்டருக்கு 130 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை கொண்டதே இனிப்பு வெர்மூத் என்ற வகையில் அடங்கும்.

ஆர்ட்டிமிசியா தமிழர் அறியாத செடியினம் அன்று. பூச்சரங்களில் இடையிடையே வைத்துக் கட்டப்படும் மரிக்கொழுந்து அப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஆனால் வெர்மூத்தில் சேரும் ஆர்ட்டிமிசியா அப்சிந்தியம் மணத்தைவிடக் கசப்புக்கே பேர்போனது. வயிற்றுக் கோளாறுகளுக்கு மருந்தாக அக்கசப்புச் செடியை ஒயினில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் பழங்கால மத்தியதரைக்கடல் நாடுகளிலேயே இருந்தது. மருந்தாக விழுங்கப்பட்டதை மக்கள் விரும்பிக் கேட்டு வாங்கும் பானமாக்கியதுதான் 18ஆம் நூற்றாண்டின் துரின் செய்த வேலை.

இத்தாலியின் வடமேற்கில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள அந்நகரத்துக்கு வேண்டியவை யாவும் எட்டும் தொலைவில் இருந்தன: மலைச்சரிவுகளில் கசப்பு மூலிகைகள், சுற்றியுள்ள பியெட்மான்ட் குன்றுகளில் மணமுள்ள மொஸ்காட்டோ திராட்சை, துறைமுகங்கள் வழியே வந்த கீழைநாட்டு வாசனைச் சரக்குகள், சாவோய் அரசவையைச் சுற்றி வாழ்ந்த வசதி படைத்த வாடிக்கையாளர்கள். சின்சானோ சகோதரர்கள் 1757இலேயே அங்குத் தொழில் தொடங்கியிருந்தபோதிலும், இன்று நாம் அறியும் வடிவத்தில் வெர்மூத்தை 1786இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் என்று அந்தோனியோ பெனதெத்தோ கார்பானோவையே மரபு குறிப்பிடுகிறது. அடுத்த நூற்றாண்டில் அது பெருந்தொழிலாயிற்று; 1863இல் தொடங்கிப் பின்னர் மார்த்தினி & ரோஸ்ஸி என்று பெயர் மாறிய நிறுவனம், துரினுக்கு அருகே பெஸ்ஸியோனே என்ற ஊரிலிருந்து கப்பல் கப்பலாக அதை வெளிநாடுகளுக்கு அனுப்பியது.

செய்முறையில் முதலில் வியப்பளிப்பது நிறம். செம்பழுப்பாகத் தோன்றும் இனிப்பு வெர்மூத்தின் அடிப்படை பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான். அந்நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்தும், ஓரளவு மூலிகைச் சாற்றிலிருந்தும் வருகிறது. தனக்கென்று ஓங்கிய சுவை இல்லாத ஒயினைத் தேர்ந்து, மூலிகைகளை ஒயினிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்துச் சாறிறக்கி, சிலவற்றை வடித்தும் எடுத்து, சர்க்கரையோடு கலந்து, சில காலம் ஓயவிட்டு, குளிரூட்டி வடிகட்டுவார்கள். ஜென்ஷியன் வேர், சிங்கோனாப் பட்டை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, ஜாதிக்காய், கொத்தமல்லி விதை, வனிலா எனப் பட்டியல் நீளும். அதிலுள்ள ஏலக்காயும் இலவங்கப்பட்டையும் மலபாரையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்டவை. எது எவ்வளவு என்பதை மட்டும் எந்த நிறுவனமும் சொல்வதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் சுவை வெகுவாக மாறுவதால், ஒன்றைக் குடித்துவிட்டு வெர்மூத்தையே எடைபோடுவது பொருந்தாது: கார்பானோவின் ‘அந்திக்கா ஃபார்முலா’ வனிலா மணம் மேலோங்கியது, அதே நிறுவனப் பெயரில் வரும் ‘பூந்த் எ மெஸ்’ கசப்பை ஒளிக்காமல் முன்னால் நிறுத்துவது.

உணவுக்கு முன் பசியைத் தூண்டுவதற்காகக் குடிக்கும் மதுவை ஐரோப்பியர் அப்பெரித்திஃப் என்பர். நாவில் கசப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறுவதால், பழைய மருத்துவக் காரணமே இப்புதிய வழக்கத்துக்கும் காரணமாக அமைந்தது. இத்தாலியில் பனிக்கட்டியும் ஓர் ஆரஞ்சுத் துண்டும் போதும். ஸ்பெயினில், குறிப்பாக ரெயுஸ் நகரை மையமாகக் கொண்ட கத்தலோனியாவில், மதிய உணவுக்கு முன் ஆலிவ் காய்களோடு வெர்மூத் அருந்துவதற்கென்றே தனிப்பொழுது உண்டு. இனிப்பு வெர்மூத்தின் குணத்தை அறிய இதுவே நேர்வழி என்றாலும், உலகம் அதை அறிந்தது வேறு வழியில்தான்.

1880களின் அமெரிக்கக் கலவைக் கையேடுகளில் இடம்பெற்ற மன்ஹாட்டன், இரு பங்கு விஸ்கியும் ஒரு பங்கு இனிப்பு வெர்மூத்தும் சில துளி கசப்புச் சாறும் சேர்ந்தது. நூற்றுக்கு 40 அளவு சாராயம் கொண்ட விஸ்கியின் காரத்தை வெர்மூத் தணிக்கிறது. இனிப்பையும் கசப்பையும் ஒரே வீச்சில் தருகிறது. தனிச் சர்க்கரைப் பாகால் கொடுக்க முடியாத அடர்த்தியை அளிக்கிறது. இத்தாலியக் கலவைகளிலோ அது துணை என்ற நிலையிலிருந்து சரிபங்காளியாக உயர்கிறது. மிலான் நகரத்துக் கம்பாரி என்ற சிவந்த கசப்பு மதுவும் துரினின் வெர்மூத்தும் சேர்ந்தால் மிலானோ-தொரினோ. அதில் சோடா ஊற்றினால் அமெரிக்கானோ. சோடாவுக்கு மாற்றாக ஜின் சேர்த்தால், மூன்றும் சம அளவாகிய நெக்ரோனி. 1919 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு தம் அமெரிக்கானோவை வலுவாக்கித் தரக் கேட்டதிலிருந்து இக்கடைசிக் கலவை பிறந்ததாகக் கதை வழங்குகிறது. கதையின் உண்மை எதுவாயினும், நெக்ரோனியில் மூன்றில் ஒரு பங்கு வெர்மூத் என்பதால், மட்டமானதை ஊற்றிவிட்டு உயர்ந்த ஜின்னைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலர் சுவையும் வோட்காவும் நாகரிகமானபோது இனிப்பு வெர்மூத் பின்தள்ளப்பட்டது. அண்மைக் காலத்தில் பழைய கலவைகள் மீண்டும் விரும்பப்பட்டதோடு அதன் மதிப்பும் மீண்டது. ‘வெர்மூத் தி தொரினோ’ என்ற புவிசார் பெயருக்கு இத்தாலிய அரசு 2017இல் விரிவான விதிகளை வகுத்து, பியெட்மான்டில் விளைந்த ஆர்ட்டிமிசியாவையே பயன்படுத்த வேண்டும் எனக் கட்டாயமாக்கியது.

அந்த இறங்குமுகக் காலத்தின் கெட்ட பெயருக்கு மதுக்கூடங்களும் ஒரு காரணம். ஒயினை விஸ்கிபோல் கருதித் திறந்த புட்டியை மாதக்கணக்கில் வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மூலிகை மணம் மங்கி, தட்டையான புளிப்பே எஞ்சும். சர்க்கரையும் சாராயமும் கெடுதலைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்கமாட்டா. திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் தீர்த்துவிடுவதே முறை. எப்போதாவது ஒரு கோப்பை கலக்குபவருக்கு, வழக்கமான 750 மில்லிலிட்டர் புட்டியைவிட, சில நிறுவனங்கள் விற்கும் 375 மில்லிலிட்டர் அரைப்புட்டி ஏற்றது.